940 கிலோ: என் யூனோஸ் ரோட்ஸ்டரின் நான்கு ஆண்டுகள்

வாங்கவிருந்த காரின் துணிக்கூரை உடலோடு சேரும் பின்மூலையில் ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையோடு குனிந்து காத்திருந்தேன். சில நொடிகளில் தண்ணீர் வண்டியின் அடியிலிருந்து தெளிவாக ஒழுகியது. மறுபக்கமும் ஊற்றிப் பார்த்தேன். அங்கும் ஒழுகியது; ஆனால் சற்றுத் தாமதமாக, வெளிறிய பழுப்பு நிறத்தில். 2021 நவம்பரில், சைத்தாமா மாகாணத்தில் பழைய கார்களை மட்டும் விற்கும் ஒரு சிறிய கடையின் முற்றத்தில் இது நடந்தது. அந்த இரண்டு ஒழுக்குகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை அன்றே இன்னும் கருத்தாகக் கவனித்திருக்க வேண்டும்.

அந்தக் கார் 1992ஆம் ஆண்டில் ஹிரோஷிமாவில் தயாரான யூனோஸ் ரோட்ஸ்டர். ஜப்பானுக்கு வெளியே மஸ்தா எம்எக்ஸ்-5 என்றும், அமெரிக்காவில் மியாட்டா என்றும் அறியப்படுவது இதுதான். யூனோஸ் என்பது அந்நாளில் மஸ்தா நிறுவனம் நடத்திய ஒரு தனி விற்பனைப் பிரிவின் பெயர். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இந்த இருவர் கார், அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானில் 17 லட்சம் யென் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. முன்புறம் நெடுக்காக அமர்ந்த 1597 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின், இரட்டை கேம்ஷாஃப்ட், 120 குதிரைத்திறன், ஐந்து கியர், பின்சக்கர இயக்கம், 940 கிலோ எடை. இந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமான எண் கடைசியில் இருப்பதுதான். என் வண்டிக்கு ஏசியும் பவர் ஸ்டியரிங்கும் இருப்பதால் அதன் ஆய்வுச் சான்றிதழ் 960 கிலோ என்று சொல்கிறது. அந்த 20 கிலோவை ஏற்றுக்கொண்டேன். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் காரணம் கேட்பது என்று வாங்கிய அன்றே முடிவு செய்தேன். இந்தப் பதிவு அந்த முடிவைப் பற்றியது.

இந்தக் காரின் பிறப்பைச் சிறிது சொல்லாமல் மேலே போக முடியாது. 1960களில் இங்கிலாந்து செய்த எடை குறைந்த திறந்த கார்கள், 1970களின் இறுதியில் சந்தையிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோயிருந்தன. 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மஸ்தாவின் பொறியியல் தலைவர்களில் ஒருவரான கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, அத்தகைய காரை நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். பின்னர் அவரே அந்நிறுவனத்தில் சேர்ந்தார். கலிபோர்னியாவில் இருந்த வடிவமைப்புக் கூடத்தில் டாம் மட்டானோ, மார்க் ஜோர்டன் போன்றோர் உருவம் தந்தார்கள். ஓடக்கூடிய முதல் மாதிரியை இங்கிலாந்தின் வொர்த்திங் நகரிலுள்ள ஒரு பொறியியல் நிறுவனம் 1985இல் கட்டியது. ஹிரோஷிமாவில் தோஷிஹிகோ ஹிராய் தலைமைப் பொறுப்பேற்று அதை முழுமையான காராக்கினார். ஹிராய் முன்வைத்த சொல் 'ஜின்பா இத்தாய்'. குதிரையேறி அம்பெய்யும் ஜப்பானிய மரபிலிருந்து வந்த இச்சொல்லுக்கு, குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் என்று பொருள்.

அந்தச் சொல் வெறும் விளம்பர வாசகமாக நின்றுவிடவில்லை என்பதை, இந்தக் காரை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். பானெட் அலுமினியத்தால் ஆனது. பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. கியர்பாக்ஸையும், விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் நேராக இணைக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் இடையில் எங்கும் நெகிழாமல் விசை பின்சக்கரத்தை அடைவதற்கு இதுவே காரணம். நான்கு சக்கரங்களுக்கும், மேலும் கீழும் ஒவ்வொரு கையால் சக்கரத்தைத் தாங்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். இருவர் அமர்ந்தால் முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகப் பிரிகிறது. விலை குறைந்த காரில் இத்தனை கவனத்தை வைத்தவர்கள், பணத்தை எங்கே மிச்சப்படுத்துவது, எங்கே மிச்சப்படுத்தக்கூடாது என்பதை அறிந்திருந்தார்கள்.

வேறு கார்களையும் பார்த்தேன். 1983 முதல் 1987 வரை வந்த டொயோட்டா ஏஇ86 தான் என் முதல் ஆசை. அதன் 4ஏ-ஜிஇ இன்ஜினின் குரலுக்கு நிகர் குறைவு. எடையும் ரோட்ஸ்டரின் அளவே. ஆனால் மலைப்பாதைப் பந்தயத்தைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற வரைகதை அந்தக் காரின் விலையை, என்னைப் போன்ற சம்பளக்காரர் எட்ட முடியாத உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அதோடு அதன் பின்னச்சு ஒரே தண்டாக இணைந்த பழைய வகை. சீரற்ற சாலையில் ஒரு சக்கரம் குதித்தால் மற்றொன்றும் அதை உணரும். ரோட்ஸ்டர் 1997 வரை உலகெங்குமாக நான்கு லட்சத்துக்கு மேல் தயாரானது. அதனால் உதிரிபாகம் கிடைக்கும், அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கிடைப்பார்கள். பழைய காரை நாள்தோறும் ஓட்ட விரும்புகிறவருக்கு இந்த இரண்டும் அழகைவிடப் பெரியவை.

தேடுவதற்கு ஏழு மாதங்கள் பிடித்தன. ஜப்பானில் பழைய கார் வாங்குவோர் முதலில் கேட்கும் சொல் 'ஷூஃபுகுரெகி'. விபத்தில் சட்டகம் வரை அடிபட்டுச் சரிசெய்யப்பட்ட வரலாறு உண்டா என்பதே அதன் பொருள். இரண்டாவதாக, வண்டி எந்த மாகாணத்தில் வாழ்ந்தது என்று கேட்க வேண்டும். பனி விழும் வடக்கிலும் ஜப்பான் கடலோர மாகாணங்களிலும் குளிர்காலச் சாலைகளில் கால்சியம் குளோரைடு தூவுவார்கள். அது காரின் அடிப்பகுதியைத் தின்னும் வேகத்தை, பனி கொட்டும் நீகாத்தாவின் ஒரு வண்டியையும் பனி அரிதான ஷிசுவோகாவின் ஒரு வண்டியையும் அடுத்தடுத்த வாரங்களில் லிஃப்டில் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தவை. ஒன்றுக்கு மற்றொன்று தாத்தா போலிருந்தது.

மேலே பளபளவென்று இருந்த ஒரு 1990ஆம் ஆண்டு வண்டியைக் கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். தொடக்க ஆண்டுகளின் 1.6 லிட்டர் இன்ஜின்களில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்ஷாஃப்ட் என்ற தண்டின் முன்முனை குட்டையானது. வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது அங்கே இருக்கும் பெரிய போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் பூட்டாமல் விட்டால், புல்லியைப் பிடித்துவைக்கும் சாவி தன் பள்ளத்தைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். பிறகு புல்லி ஆடும், டைமிங் தவறும், இன்ஜின் வலுவிழக்கும். 1991இன் போக்கில் இந்த முனையைப் பெரிதாக்கினார்கள். புல்லியின் முகத்தில் நான்கு பள்ளங்கள் இருந்தால் பழையது, எட்டு இருந்தால் புதியது. இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு பள்ளங்கள், அதோடு புல்லி கண்ணுக்குத் தெரியும்படி ஆடிக்கொண்டிருந்தது. நன்றி சொல்லிவிட்டு ரயிலேறினேன். சரியாகப் பூட்டிப் பேணப்பட்ட குட்டைமுனை இன்ஜின்கள் இன்றும் நன்றாக ஓடுகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்; ஆடும் புல்லியோடு வாங்கக்கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

நான் வாங்கிய வண்டிக்கு எட்டுப் பள்ளங்கள். 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும், அதாவது உள்ளழுத்தமும், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தது. விலை 13 லட்சம் யென். வாங்குமுன் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்துமிடம் இருப்பதைக் காட்டிக் காவல் நிலையத்தில் சான்றிதழ் பெற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 'ஷாகென்' என்ற முழு ஆய்வில் தேற வேண்டும். 13 ஆண்டைக் கடந்த பெட்ரோல் கார் என்பதால் ஆண்டு வரி 39,500 யென்னுக்குப் பதிலாக 45,400 யென். இவற்றை எரிச்சலோடு பேசுகிறவர்கள் இங்கே நிறைய உண்டு. வரியைப் பற்றி எனக்கும் மனத்தாங்கல் இருக்கிறது. ஒரு பொருளை முப்பது ஆண்டு காப்பாற்றி வைத்திருப்பவரிடம் கூடுதலாகக் கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் ஷாகென் இல்லாமல் இருந்தால் இந்தக் கார் என் கைக்கு இந்த நிலையில் வந்திருக்காது.

கோவைக்காரனான எனக்கு ஒரு வசதி இருந்தது. ஜப்பானிலும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் இடக்கையில். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எடை குறைந்த பந்தய வண்டிகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தவன் நான். முதல்முறையாக ரோட்ஸ்டரின் இரண்டாம் கியரைப் போட்டபோது, கை ஏற்கெனவே அறிந்த வேலையைத்தான் செய்தது; ஆனால் அதன் நெம்புகோல் நகர்ந்த தூரம், கைக்கடிகாரத்தைத் திருகுவதற்கு மணிக்கட்டு அசையும் அளவே இருந்தது.

முதல் ஆண்டில் எதையும் மாற்றவில்லை. முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டவற்றைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்தேன். இதை மாற்றியமைத்தல் என்று பலரும் எண்ணமாட்டார்கள்; நான்கு ஆண்டுகளில் காரின் ஓட்டத்தை இதைப்போல் வேறெதுவும் மாற்றவில்லை என்பதே என் அனுபவம். டைமிங் பெல்ட், அதன் உருளைகள், தண்ணீர் பம்ப், முன்பக்க எண்ணெய் சீல்கள் ஆகிய அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றினேன். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளா என்பதால் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். இரவில் மலைப்பாதையில் நிற்க நேர்ந்தால் அந்த ஆறுதல் போதாது. ரேடியேட்டரின் மேல்தொட்டி கறுப்பு பிளாஸ்டிக். வயதாகும்போது அது பழுப்பேறும். பழுப்பேறிய தொட்டி என்றாவது ஒருநாள் வெடிக்கும். என்னுடையது காய்ந்த தேங்காய் ஓட்டின் நிறத்தில் இருந்தது. அதையும் குழாய்களையும் மாற்றினேன். கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது இந்தக் கார்களின் வழக்கம். இன்ஜின் தலையின் பின்முனையில், கேம் சுழற்சியை அளக்கும் சென்சாருக்கு அடியில், ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சில நூறு யென் மதிப்புள்ள அது கெட்டால் எண்ணெய் கியர்பாக்ஸ் மேல் வழியும். பெரிய சீல் போய்விட்டது என்று அஞ்சிக் கியர்பாக்ஸையே இறக்கியவர்களை அறிவேன்.

கியர் நெம்புகோலின் அடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தக் காரின் இன்பம் பாதி அங்கேதான் இருக்கிறது. நெம்புகோல் ஒரு சிறு கிண்ணத்துக்குள் நிற்கிறது. கியர்பாக்ஸோடு சேராத தனி எண்ணெய் அந்தக் கிண்ணத்துக்கு உண்டு. அதற்கு மேல் இரண்டு அடுக்கு ரப்பர் உறைகள். காலப்போக்கில் உறைகள் கிழிகின்றன, கிண்ணத்து எண்ணெய் வற்றுகிறது. அப்போது கியர் போடுவது மணலில் குச்சியை நகர்த்துவது போலாகும், கோடையில் கியர்பாக்ஸின் சூடு நேராகத் தொடையில் அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நடுப்பெட்டியைக் கழற்றி, கிண்ணத்தைத் துடைத்து, புதிய எண்ணெய் ஊற்றி, இரண்டு உறைகளையும் நெம்புகோல் முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ்ஷையும் மாற்றினேன். மொத்தச் செலவு 9,000 யென்னுக்குள். மூடிவிட்டுத் தெருக்கோடி வரை ஓட்டிப் போனபோது, தேவையே இல்லாமல் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் பலமுறை கியர் மாற்றிக்கொண்டே போனேன்.

சஸ்பென்ஷன் கைகளில் உள்ள ரப்பர் புஷ்கள்தான் அந்த ஆண்டின் பெரிய செலவு. முப்பது ஆண்டு ரப்பர் கல்லாகிவிடும் அல்லது கிழிந்துவிடும். இரண்டிலும் சக்கரம் தன் கோணத்தில் நில்லாது. பாலியூரித்தேன் புஷ் போடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் தொழிற்சாலை ரப்பரையே தேர்ந்தெடுத்தேன். மஸ்தா 2017 முதல் ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் காருக்கென்று ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தை நடத்துகிறது. அதன் பகுதியாக நின்றுபோன உதிரிபாகங்கள் பலவற்றை மீண்டும் தயாரித்துத் தருகிறது. துணிக்கூரை, நார்டி மரச் ஸ்டியரிங், அன்றைய கோலத்திலேயே பிரிட்ஜ்ஸ்டோன் செய்த 185/60ஆர்14 டயர் வரை அதில் அடக்கம். தான் செய்த காரைக் கைவிடாத நிறுவனத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இரண்டாம் ஆண்டில் தவறு செய்தேன். கார் நன்றாக இருந்தபோதே அதை இன்னும் நன்றாக்க வேண்டும் என்ற ஆவலில், ஸ்பிரிங்கும் அதிர்வடக்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த, உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர்களை வாங்கிப் பூட்டினேன். முன்னால் 8 கிலோ, பின்னால் 6 கிலோ ஸ்பிரிங். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பதே இந்தக் கணக்கு; தொழிற்சாலை ஸ்பிரிங்கைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் இறுக்கம். வண்டியையும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறக்கினேன். படத்தில் மிக அழகாக இருந்தது. ஹக்கோனே மலையில், தார் ஒட்டுப்போட்ட ஒரு வளைவில், பின்சக்கரங்கள் சாலையைத் தொட்டும் தொடாமலும் துள்ளியபோது, முதல்முறையாக இந்தக் காரில் எனக்கு அச்சம் வந்தது. அருகில் அமர்ந்திருந்த என் மனைவி அதுவரை காரைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. அன்று கீழே இறங்கி வரும்போது, "முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சுங்க. இப்ப ரோட்டுல இருக்கற ஒவ்வொரு கல்லும் முதுகுல வந்து குத்துது" என்றாள். அந்த இருக்கையின் தீர்ப்பும் தீர்ப்புதான். இருவர் அமரும்போது சமநிலை கிடைக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்த கார் இது.

கனகாவாவில் இந்தக் கார்களை மட்டும் பல்லாண்டுகளாகப் பார்த்துவரும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. லிஃப்டில் ஏற்றி, ஷாக்கின் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற நுரை ரப்பரை டார்ச்சால் காட்டினார். நசுங்கி, ஓரம் பிய்ந்திருந்தது. இந்தக் காரின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் நகரும் தூரம் இயல்பிலேயே குறைவு. அதை இறக்கினால் மேல்நோக்கி நகர மிஞ்சும் இடம் மிகச் சிறிது. வளைவில் உடல் சாயும்போது ஷாக் வேலை செய்வதை நிறுத்திவிட்டு அந்த ரப்பர் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. சக்கரம் அந்தக் கணத்தில் திடீரென்று இறுகுகிறது. "ஸ்பிரிங்கில் குறையில்லை. பந்தயத் தடத்துக்கு இது போதும். நீங்கள் ஓட்டும் சாலைக்கு இது ஒத்துவராது" என்று மட்டும் சொன்னார். அவருடைய ஆலோசனைப்படி, தொழிற்சாலை அளவைவிடச் சற்றே இறுக்கமான ஸ்பிரிங்கும் பில்ஸ்டீன் ஷாக்கும் மாற்றினோம். உயரம் பழைய அளவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டரே குறைந்தது.

அதைவிடப் பெரிய பாடம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைத் திருத்துவது. ரோட்ஸ்டரில் நான்கு சக்கரங்களின் கேம்பர் கோணத்தையும் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் அளவு) டோ கோணத்தையும் (மேலிருந்து பார்த்தால் அது உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) தனித்தனியே திருத்தலாம். முன்சக்கரத்துக்கு, அது திரும்பும் அச்சின் முன்பின் சாய்வான காஸ்டரும் உண்டு. இதற்கென்று, திருப்பினால் சக்கரத்தின் கோணம் மாறும்படி நடுவிலகிய போல்ட்டுகள் கீழ்க்கைகளில் இருக்கின்றன. பல கார்களில் அவை துருப்பிடித்து உறைந்துபோயிருக்கும். வாங்குமுன் அவை திரும்புகின்றனவா என்று பார்ப்பது, பெயின்டைப் பார்ப்பதைவிட முக்கியம். என் வண்டியில் இரண்டு உறைந்திருந்தன; அறுத்தெடுத்துப் புதியது போட்டோம். நாங்கள் இருவரும் அமர்ந்தால் ஏறும் எடைக்குச் சமமாக மணல்மூட்டைகளை இருக்கைகளில் வைத்து அவர் கோணங்களை அமைத்தார். முழுதாக ஒரு பிற்பகல் ஆனது. அன்று மாலை வீடு திரும்பும்போது ஸ்டியரிங்கில் தெரிந்த மாற்றத்தை எப்படிச் சொல்வது? அதுவரை நான் காரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அன்றுமுதல் பார்க்கும் திசைக்கு அது போகத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் ஒரு குறிப்பேடு வைத்தேன். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், மாட்டும் ஒவ்வொரு பாகத்தையும், பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் நிறுத்து எழுதுகிறேன். எண்ணற்ற கார்கள் சீர்படுத்துதல் என்ற பெயரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துப்போகின்றன: பெரிய சக்கரம், பெரிய பிரேக், கனத்த ஸ்பீக்கர், கூடுதல் கம்பிகள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறியது. 940 கிலோவில் நிறுத்துவதற்காக அந்தப் பொறியாளர்கள் கிராம் கிராமாகப் போராடினார்கள். அதை நாம் இரண்டு வார இறுதியில் செலவழித்துவிடலாம்.

சக்கரத்தில் இதை நன்றாக உணரலாம். பெரும்பாலோர் 15 அங்குலச் சக்கரத்துக்கு மாறி 195/50ஆர்15 டயர் போடுகிறார்கள். பழைய 185/60ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் 576. எனவே வேகமானி பொய் சொல்லாது. நல்ல டயர்கள் அந்த அளவில் எளிதாகக் கிடைக்கும் என்பதும் உண்மை. நண்பரின் 15 அங்குலச் சக்கரங்களை ஒரு மாதம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பிடிப்பு கூடியது. ஆனால் பிடிப்பு எங்கே முடிகிறது என்பதைக் கார் முன்கூட்டிச் சொல்லும் அந்தப் பேச்சு குறைந்தது. ஏழு அரும்புகள் போன்ற துளைகளுடைய பழைய 14 அங்குலச் சக்கரங்களுக்கே திரும்பினேன். அகலம் குறைந்த டயர் மெதுவாக, அறிவித்துவிட்டு வழுக்குகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே காரோடு உரையாட முடிகிறது. பொதுச்சாலையில் ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரேக்கை மட்டும் பெரிதாக்கினேன். 1993இல் வந்த 1.8 லிட்டர் வண்டியின் முன் டிஸ்க் 255 மில்லிமீட்டர், என்னுடையது 235. அந்தப் பாகங்கள் 1.6 வண்டியில் போல்ட் போட்டாலே பொருந்தும். ஹக்கோனே இறக்கத்தில் பெடல் மென்மையானதை ஒருமுறை உணர்ந்தபின் அந்தக் கூடுதல் எடையை மனமுவந்து எழுதிக்கொண்டேன். அதேபோல் இருக்கைக்குப் பின்னால் எஃகு ரோல் பார் ஒன்று பூட்டியிருக்கிறோம், 14 கிலோ. திறந்த காரில், ஏர்பேக் இல்லாத காலத்து வண்டியில், மனைவியை ஏற்றிக்கொண்டு போகிறவன் நான். குறிப்பேட்டில் அந்த 14 கிலோவுக்கு எதிரே எந்தக் கேள்வியும் இல்லை. தலை படக்கூடிய இடமெல்லாம் கெட்டியான உறை சுற்ற வேண்டும் என்பதை மட்டும் இதைப் பூட்ட எண்ணுகிறவர்களுக்கு வற்புறுத்திச் சொல்கிறேன். ஹெல்மெட் இல்லாத தலைக்கு மெல்லிய நுரை போதாது.

இன்ஜினை ஏன் தொடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். டர்போ போட்டால் 200 குதிரைத்திறனை எட்டலாம் என்பது தெரிந்ததே. உலகெங்கும் பல்லாயிரம் ரோட்ஸ்டர்கள் அப்படி ஓடுகின்றன, அவற்றில் மிகச் சிறப்பாகச் செய்தவையும் உண்டு. ஆனால் அந்த வேலை டர்போவோடு முடிவதில்லை. 1.6 வண்டியின் சிறிய டிஃபரன்ஷியல் அந்த விசையை நெடுநாள் தாங்காது, 1.8 வண்டியின் பெரியது வேண்டும், அதற்கேற்ற அரைத்தண்டுகள் வேண்டும். பானெட்டுக்குள் சூடு ஏறும். பெரிய ரேடியேட்டர் வேண்டும். காற்றை ஒரு மடலின் அசைவால் அளக்கும் பழைய மீட்டரை அகற்றிப் புதிய கணினி வேண்டும். முடிவில் நல்ல கார் கிடைக்கலாம். ஆனால் ஏழாயிரம் சுழற்சி வரை முழுதாக மிதித்துப் பயன்படுத்தியும் சட்டத்துக்குள் இருக்க முடிகிற இந்தக் கார் இருக்காது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றச் சொன்னவர்களும் உண்டு. இந்தக் காரில் அது தொழிற்சாலையிலேயே வளைத்த எஃகுக் குழாய்களால் ஆனது. அதை மாற்றிப் பெறுவது பெரும்பாலும் ஒலிதான். காற்று மீட்டரைச் சுத்தம் செய்து, இக்னிஷன் டைமிங்கைச் சில டிகிரி முன்னே நகர்த்தினேன். அவ்வளவே.

அடிச்சட்டத்தை இறுக்குவது வேறு வகை வேலை. கூரையில்லாத கார் முறுக்கிக்கொள்ளும். மோசமான சாலையில் கண்ணாடிச் சட்டம் நடுங்குவதைக் கண்ணாலேயே காணலாம். என் வண்டியின் தரைக்கடியில் நெடுக ஓடும் இரண்டு சட்டங்களும், யாரோ அங்கே ஜாக் வைத்துத் தூக்கியதால் நசுங்கியிருந்தன. இது மிகப் பரவலான கேடு. இந்தக் காரைத் தூக்க வேண்டிய இடங்கள் கதவுக்குக் கீழே உள்ள மடிப்பும், முன்னால் குறுக்குச் சட்டமும், பின்னால் டிஃபரன்ஷியலும் மட்டுமே. நசுங்கிய சட்டங்களின் மேல் பொருந்தும் எஃகு உறை போட்டு இறுக்கியபோது நடுக்கம் பாதியாகக் குறைந்தது. தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் ஷாகெனில் தேறும். அந்த உறைக்குப் பின்னும் எனக்குப் போதிய இடம் இருக்கிறது. காயில்ஓவரை வைத்திருந்தால் இருந்திருக்காது.

இனி முதல் நாளில் வழிந்த அந்தப் பழுப்புத் தண்ணீர். துணிக்கூரையில் விழும் மழைநீர், கதவுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலைச்சருகும் மண்ணும் அந்தக் குழாயை அடைத்தால் தண்ணீர் சில் எனப்படும் உட்குழிவான சட்டத்துக்குள் போய்த் தங்கும். வெளியில் பெயின்ட் கெடாமலே உள்ளிருந்து துரு தின்னும். சென்ற மே மாதம் வண்டியைக் கழுவும்போது வலப்புறச் சில்லின் பின்கோடியில் பெயின்ட் ஒரு நாணய அளவுக்குப் பொங்கியிருப்பதைக் கண்டேன். கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று.

தகடு வேலை செய்கிறவர் அந்த இடத்தை அறுத்துத் திறந்தபோது நானும் அருகிலிருந்தேன். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்குகள். வெளியடுக்கை மட்டும் மூடிப் பூசிவிட்டால் இரண்டு ஆய்வுகளைக் கடந்துவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. மூன்றையும் வெட்டியெடுத்து, தகட்டை வளைத்து, உள்ளிருந்து ஒவ்வோர் அடுக்காகப் பற்றவைத்து, உட்குழிவில் மெழுகு தெளித்து மூடினோம். ஏறத்தாழ இரண்டு லட்சம் யென் ஆனது. அறுத்தெடுத்த துண்டுகளையும் புதுத் தகட்டையும் தராசில் நிறுத்தேன்: துரு 1.1 கிலோ, புதியது 1.7 கிலோ. குறிப்பேட்டில் 600 கிராம் ஏறியது.

இப்போது மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கூரையை மடக்குவதற்கு முன், இருபக்க மூலையிலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் ஊற்றுகிறேன். அடைப்பிருந்தால் மென்மையான நைலான் கம்பியை மேலிருந்து மெதுவாக விட்டுச் சுத்தம் செய்கிறேன்; கூர்மையான உலோகக் கம்பி குழாயைக் கிழித்துவிடும். பிறகு பின்கண்ணாடி பிளாஸ்டிக்கின் ஜிப்பைத் திறந்து, அது மடிந்து வெடிக்காமல் தட்டையாகக் கிடத்திவிட்டு, கூரையைப் பின்னால் தள்ளுகிறேன். அடுத்த ஷாகென் மார்ச்சில் வருகிறது. அதற்குள் இடப்புறச் சில்லையும் உட்கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும்.